கண்ணில் ஒற்றிய துப்பாக்கி

கொட்டாரம்,
நவம்பர் 9.

அன்பு மகள் அஸ்வதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனசு எப்படி என்பதைப் பின்னால் எழுதுகிறேன். பூனாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மா தினமும் பகவதியம்மனைக் கும்பிடுகிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கும்பப்பூ நெல் நடவு எப்படியோ முடிந்தது, வீட்டுக்குப் பின்னால் குலை தள்ளின வாழை நாலு சாய்ந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, ஆனால் நீ கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். போன் இருக்க இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை மீட்டிங் என்றாய், மூன்றாம் முறை நடுவில் லைன் போய்விட்டது. போனது லைனா நீயா என்று நான் கேட்கப் போவதில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். இதற்கு நகலும் எடுத்து வைத்திருக்கிறேன், பட்டாளம் கற்றுத்தந்த புத்தி.

போன செவ்வாய்க்கிழமை நாகர்கோவில் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நிற்கிறேன். என்கூடப் பட்டாளத்தில் இருந்த ரத்தினம் போனை நீட்டி, ஓய் முத்துநாயகம், நீரு இப்போ நடிகராக்கும், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே என்றான். பார்த்தால் நம் வீட்டு முற்றத்தில் நான் நிற்கிறேன், கையில் உங்கள் கம்பெனி செய்த புது லேசான துப்பாக்கி. அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறேன். பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். பழையதுக்குப் பிரியாவிடை, புதியதுக்கு வணக்கம் என்று எழுத்து ஓடுகிறது, அதற்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவரின் நம்பிக்கை என்று இன்னொரு வரி. மொத்தம் பதினெட்டு விநாடி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவன், கம்பெனியில பென்ஷன் தனியா உண்டுமா என்று கேட்டான். சாமான் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

இந்த ஓணத்துக்கு மறுநாள், திருவனந்தபுரத்து ஆயுதக் கண்காட்சி முடிந்து வருகிற வழியில் கூட வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நானும் ஏதோ மகள் அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, சுடாத மாதிரித் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்கள். எந்த ஆயுதத்தை முதல்முதலாகக் கையில் வாங்கினாலும் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் தோளில் வைக்க வேண்டும் என்பது எங்கள் படையில் முதல் நாளே கற்றுக்கொடுக்கிற பழக்கம். நல்லதா கெட்டதா என்று பார்த்து ஒற்றுவதில்லை. உயிரைக் காப்பாற்று என்று கும்பிடுவது, அவ்வளவுதான். ரிட்டயர் ஆகி வந்த புதிதில் கேன்டீனில் வாங்கின குக்கரைக்கூட நான் ஒற்றினேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள், உனக்கும் அந்தக் கதை தெரியும். அதற்குப் பிறகு நான் நாற்பது நிமிஷம் பேசினேன், அது எங்கே போயிற்று அஸ்வதி? எல்லாம் பதிவாகுதுப்பா, நீங்க பேசுங்கோ என்று சொன்னது நீதானே?

பழையதைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் நான் இல்லை. பட்டாளத்தில் எங்களுக்கு முதலில் தந்த பழைய துப்பாக்கி நாலரைக் கிலோ. அதைச் சுமந்து சுமந்து என் வலது தோள் இன்றைக்கும் ஒரு விரற்கடை தாழ்ந்துதான் இருக்கிறது, சட்டை தைக்கிறவன் ஒவ்வொரு முறையும் சொல்கிறான். மலையேறுகிறவனுக்கு ஒரு கிலோ குறைந்தால் அது புண்ணியம். அதையும் நான் சொன்னேன். ஆனால் லேசான துப்பாக்கி முதன்முதலாக எங்கள் கைக்கு வந்த வருஷம் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். சகாயத்தின் கதையைச் சொன்னேன். உன்கூட வந்த பிள்ளை ஒருவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, அதனால் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், திரும்ப எழுதுகிறேன். சின்னமுட்டத்துச் சகாயமும் நானும் பட்டாளத்தில் ஒரே செக்‌ஷன். அப்போது வந்த புதுத் துப்பாக்கியை வெயில் அடிக்கிற சமவெளியில் சுட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதி எங்களிடம் தந்துவிட்டு, பழையதை எண்ணி வாங்கிப் போய்விட்டார்கள். ஜனவரியில் எங்களைப் பனிமலை எல்லைக்கு ஏற்றினார்கள். சண்டை நடந்த அன்று காலையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் துப்பாக்கியைத் துடைத்தோம், அவனுக்குத் துணி கிழித்துக் கொடுத்ததே நான். பதினோரு மணிக்கு அந்தப் பக்கமிருந்து சுட ஆரம்பித்தார்கள். சகாயம் ஒரு குண்டு சுட்டான், அடுத்த குண்டை ஏற்றுகிற போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. குளிரில் இறுகிக்கொண்டது. ஏலே முத்து, இது அசைய மாட்டேங்குதே என்று கத்தினான். அதுதான் அவன் கடைசியாகப் பேசினது. குண்டு பட்டுத் துப்பாக்கியோடு பனிச்சேற்றில் விழுந்தான். பிறகு விசாரணை வைத்தார்கள். போல்ட்டில் அழுக்கு இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். இருந்தது, அவன் விழுந்தபோது சேறு ஏறியது, காலையில் நான் பார்க்கத்தான் துடைத்தான் என்றேன். இருந்தது என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஆயுதத்தைப் பராமரிக்கத் தவறினார் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியால் போரில் செத்தவர்கள் பெயர்ப் பலகையில் அவன் பெயர் இல்லை. அவன் மனைவி வேளாங்கண்ணி அந்த வரியை எடுக்கச் சொல்லி இருபத்து நாலு வருஷமாக மனுப் போடுகிறாள், ஒவ்வொரு மனுவையும் எழுதிக் கொடுத்தது நான். டிசம்பர் ஐந்தாம் தேதி ராணுவத் தீர்ப்பாயத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு சாட்சி கிடையாது, பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

இப்போது அவளும் அந்தப் பதினெட்டு விநாடியைப் பார்த்துவிட்டாள். இவன்தான் உங்கள் சாட்சியா, லேசான துப்பாக்கியைக் கும்பிடுகிறவன் அன்றைக்கு வந்த லேசான துப்பாக்கியில் குறை இருந்தது என்று எப்படிச் சொல்வான் என்று எதிர்ப்பக்கத்தில் கேட்பார்கள் என்பது அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாழக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவள் அன்றைக்கு வாசலிலேயே நின்றாள். நீ வந்தபோது நீங்கள் மூன்று பேரும் ருசி ருசி என்று சாப்பிட்டீர்களே நெய்மீன் குழம்பு, அந்த மீனைக் காலையில் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். மனுக் காகிதங்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, நீங்க இனி வரண்டாம் அண்ணே, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். இருபத்து நாலு வருஷத்துக்கு அந்த ஒரு வாக்கியம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன், இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

மூன்றாம் முறை பேசினபோது, லைன் போவதற்கு முன்னால் நீ சொன்னாய், அப்பா நீங்க ஒத்துனது உண்மைதானே, நாங்க ஒண்ணும் கூட்டிச் சேர்க்கலியே என்று. ஆமாம், சேர்க்கவில்லை. அந்த விசாரணைக்காரர்களும் ஒன்றும் சேர்க்கவில்லை. எனக்கு எரிகிறதே அதனால்தான். அவர்கள் யாரோ, அவர்கள்மேல் வருஷக்கணக்காகக் கோபப்பட்டு எனக்குப் பழகிவிட்டது. உன்னைப் படிக்க வைத்தது நான். படத்தை வெட்டினது கம்பெனியில் மேலே உள்ளவர்கள் என்கிறாய். இருக்கலாம். வெட்டிய பிறகு பார்த்தாய் அல்லவா? பார்த்துவிட்டு நாலு நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறாய், எங்க அப்பா என்று எழுதி. ரத்தினத்தின் மகளுக்கே உன்னிடமிருந்துதான் வந்ததாம்.

கோபத்தில் கண்டபடி எழுதுகிறேன் என்று நினைக்காதே, நாலு நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். அந்த நாற்பது நிமிஷமும் எனக்கு வேண்டும், ஒரு விநாடி குறையாமல். கம்பெனி சொத்து என்று சொல்லாதே, அதில் பேசுகிற வாய் என்னுடையது, சாகிறவன் சகாயம். கொடுத்தால் உன் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். அப்பா தெரியாமல் கேட்டார் என்று பிறகு உனக்குத் தோன்றக் கூடாது. அது வந்தாலும் வராவிட்டாலும், வேளாங்கண்ணி வரண்டாம் என்றாலும், டிசம்பர் ஐந்தாம் தேதி நான் போய் நிற்பேன்.

அம்மா நாரங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் வரும். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடு, ராத்திரி சாப்பாட்டை விடாதே. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. தேதியை மட்டும் மறக்காதே.

இன்னும் ஒன்று. எனக்கு இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் நீ முதலில் என்னிடமிருந்து தெரிந்துகொள். நான் பழக்கத்தில் ஒற்றினது அந்தப் படத்தில் இல்லை. அப்போது உன் போன் தயாராக இல்லை. வெளிச்சம் சரியில்லப்பா, இங்க வந்து நின்னு இன்னும் ஒருக்கா ஒத்துங்கோ என்றாய். முற்றத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை ஒற்றினேன் பார், அதுதான் ஊரெல்லாம் ஓடுகிறது. அங்கே சத்தியம் செய்துவிட்டு நிற்கும்போது, இதை யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்பார்கள். நான் ஒரு தடவை பாதி பதில் சொன்னதாக ஆகித்தான் சகாயத்தின் பெயர் போயிற்று. இந்தத் தடவை முழுசாகச் சொல்வேன். என் மகள் அஸ்வதி கேட்டாள், அதனால் செய்தேன் என்பேன்.

இப்படிக்கு,
அப்பா
முத்துநாயகம்