துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

கோடியாக் தீவு,
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள வெர்னுக்கு,

தாடையில் கட்டிய கம்பியை விரைவில் எடுத்துவிடுவார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். அதற்குள் சீட்டில் எழுதிக் காட்டியே அவளை விரட்டுகிறாயாம். கொஞ்சம் அடங்கியிரு.

துப்பாக்கிக்கு, தோளில் அணைக்கப் புதுக் கட்டை வாங்கிவிட்டேன். நீ கேட்டது அல்ல. நீ கேட்டது மறுபடியும் அதே உள்ளே காலியான, எடை குறைந்த பிளாஸ்டிக். மரக்கட்டை மழையில் ஊறி உப்புகிறது என்று போன வருஷம் அதை மாட்டினாய். இந்தத் துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கிற உதைக்கு அது தாங்காது என்று அப்போதே சொன்னேன். "மலையேத்துல தூக்கிச் சுமக்கிறவன் நான். உனக்கென்ன?" என்றாய்.

அன்று வேட்டையில் நீ சுட்ட முதல் குண்டு கரடியின் தோளில் பாய்ந்தது. இரண்டாவதில் கட்டை, கை பிடிக்கிற இடத்தில் முறிந்தது. நீ குனிந்து முறிவைப் பார்த்தாய், வெர்ன். அந்த நொடியில் கரடி புதரிலிருந்து வந்து உன் முகத்தைக் கவ்வியது. உன் எலும்பு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நமக்குப் பணம் கொடுத்து வேட்டைக்கு வந்த ஆள் ஓடிவிட்டான். முறிந்த துப்பாக்கியை நான்தான் எடுத்தேன். அடுத்த குண்டை ஏற்றி, கரடியின் காதில் குழலை அழுத்திச் சுட்டேன். அதன் மூளையும் உன் ரத்தமும் என் முகமெல்லாம் தெறித்தன. உதையை வாங்கக் கட்டை இல்லாமல் என் மணிக்கட்டு உடைந்தது.

இப்போது வாங்கியது ஃபைபர் கட்டை. உள்ளே அலுமினியம், பின்னால் தடித்த ரப்பர். கடைக்கார ஹாஸ்கெல், "இது கனமாச்சே லோர்னா, மலையேறும்போது உன் புருஷன் திட்டுவானே" என்றார். "திட்டட்டும். அதுக்கு முதல்ல வாய் சரியாகணும்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் போட்ட கட்டை அவிழ்த்தாயிற்று, நேற்று கடற்கரையில் சுட்டுப் பார்த்தேன். என் தோள் கன்றிப்போனது, கட்டை அசையவில்லை.

அக்டோபரில் வேட்டைக்கு வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. வரட்டும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்போமே, அப்படி என் கையில் வைத்துத்தான் பார்த்தேன். நீளமாக இருந்தது. என் அளவுக்கு அறுத்துவிட்டேன். இனி அது உன் தோளுக்குப் பொருந்தாது.

கடவுள் உன்னைப் பேசும் வாயோடு வீட்டுக்கு அனுப்பட்டும். வந்து ஆசைதீரத் திட்டு. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறேன்.

உன்,
லோர்னா