மொட்டையாக நிற்கும் புரசங்கன்றுகள்

17 பிப்ரவரி 1981, செவ்வாய்

சாணக்யபுரி சாலையோரம் நான் நடவைத்த புரசங்கன்றுகளை எங்கள் தோட்டக்கலைத் துறை டைரக்டர் இன்று பார்த்துவிட்டார். இலை உதிர்ந்து வெறும் குச்சிகளாக நிற்கின்றன.

"எல்லாம் செத்தாச்சு மேடம். பிடுங்கிட்டு குல்மொஹர் வைங்க."

"இது இந்த ஊர் மரம் சார். குளிர்ல கொட்டும், வெயில் வந்தா துளிர்க்கும்" என்று சொல்லி, ஒரு கன்றின் பட்டையை நகத்தால் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினேன்.

"அச்சா. அத்தனையும் உயிரோட இருக்கா?"

"இருக்கு சார்." ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேனோ.

"நாளைக்கு வர்றேன். ஒவ்வொண்ணாக் கீறிக் காட்டுங்க. ஒண்ணு காய்ஞ்சிருந்தாலும் எல்லாத்தையும் எடுத்துடுவேன்."

மத்தியானம் நர்சரிக்காரர் பல்தேவ் போன் செய்தார். என் பேச்சை நம்பித்தான் ரோஜாப் பாத்திகளை அழித்துவிட்டு, முழுக்க இந்த ஊர்க் கன்றுகளாகப் போட்டிருக்கிறார்.

"அடுத்த வருஷமும் உங்க ஆபீஸ் வாங்கும்தானே மேடம்ஜி?"

"பக்கா பல்தேவ்ஜி" என்றேன்.

சாயங்காலம் கிட்வாய் நகர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நானே கீறிப் பார்த்தேன். முதல் கன்றில் பச்சை. அடுத்ததிலும் பச்சை. அதற்கடுத்ததில், எவ்வளவு ஆழமாகக் கீறியும், பழுப்புத்தான்.

நாலாவதைத் தொடாமலே அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.