பெஞ்சுக் கதவு

என் பிடிவாதக்காரிக்கு,

தைத்துத் தருவதாக வாங்கிவந்த உன் கால்கவசத்தை இன்று தபாலில் அனுப்பிவிட்டேன். தாமதத்துக்குத் திட்டாதே. வீட்டில் கொஞ்சம் வேலை.

நான்கு வருடம் நம் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்கு நீ கோல்கீப்பர், நான் உனக்கு மாற்று. ஒரு நிமிடம்கூட ஆடாமல், ஆட்டக்காரிகள் மாறும்போதெல்லாம் ஐஸுக்குப் போகும் பெஞ்சுக் கதவைத் திறந்துவிட்டேன். "ஏய் கதவுக்காரி, கீல் கத்துது, எண்ணெய் போடுடி!" என்பாய்.

கடைசி ஆட்டத்துக்கு அப்பா துலூத் நகரிலிருந்து ஆக்ஸிஜன் குழாயோடு வந்திருந்தார். மூன்று கோல் முன்னிலை, இரண்டே நிமிடம் பாக்கி. கடைசிவரை நீயே நின்றால்தான் கோல் விடாத ஆட்டம் உன் பெயரில் ஏறும்; கல்லூரிச் சாதனையும் உனக்கே. நீயோ நொண்டிக்கொண்டு வந்தாய்.

"கால்கவச வார் அறுந்துபோச்சு. நீ போடி."

"இப்பவா? லூசாடி நீ?"

"போடி, ஐஸ் உருகிடப்போகுது!"

அன்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டது நீ. ஒரே ஒரு முறை பக் வட்டு கோலை நோக்கி வந்தது. தோளில் பட்டுத் தெறித்தது, நான் பார்க்கவேயில்லை.

"எம் பொண்ணு ஒரு கோல்கூட விடல, தெரியுமா?" ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்ஸிடமும் அப்பா சொன்னார். பேச்சு இருந்தவரை சொன்னார்.

நேற்றுதான் ஊசி நூலோடு உட்கார்ந்தேன். எல்லா வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். தைக்க ஒன்றுமில்லை.

நன்றியோடு,
உன் கதவுக்காரி