மூன்று தீக்குச்சிகள்

சர்க்கிள், யூக்கான் ஆற்றங்கரை
செப்டம்பர் 18

அன்பு மகள் பெத்தனிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் குட்டி இங்கிரிடும் மினசோட்டாவில் உன் அம்மா வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு மேல் பல் வந்துவிட்டதா? அவள் அப்பா ஆண்டர்ஸுக்குக் கீழ்ப் பல்லுக்கு முன்னால் மேல் பல்தான் வந்தது. அப்போதே ஊருக்கெல்லாம் ஒரு வழி என்றால் அவனுக்கு ஒரு வழி. இங்கே நானும் மாமாவும் நாய் ஜூனோவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம்.

உங்கள் டிரெய்லர் வீட்டை அழுக்குப்படாமல் வைத்திருக்கிறேன். நீ தைத்த மஞ்சள் திரைச்சீலை அப்படியே இருக்கிறது. குழந்தை உருண்டு விழாமலிருக்க ஆண்டர்ஸ் அடித்துவைத்த கட்டையில் இப்போது மாமாவின் காலுறைகள் காய்கின்றன. ஒரு ஜன்னல் ஒழுகுகிறது. அடுப்பு வாயுவுக்கும் மழைக்கும் ஆகவே ஆகாது. ஜூனோ வழக்கம்போல என் படுக்கையில் பாதியைப் பிடித்துக்கொள்கிறாள். அலாஸ்கா தலைநகரத்தின் பெயரை வைத்தது தப்பே இல்லை, அங்கே இருக்கும் அதிகாரிகள் மாதிரி சாப்பிடுவதும் தூங்குவதும் தவிர வேறு வேலை தெரியாது என்று உன் புருஷன் சொல்வானே, அது சரிதான்.

ஜூன் மாதம் ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்பும்போது மாமா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வாழ்நாள் முழுக்க ஆத்துலயே கிடந்தேன், ரோட்டைப் பார்த்ததே இல்ல. வா, ஊரைச் சுத்திட்டு வருவோம்." நானும் ஒரு பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டேன். அந்த ஒன்பது மாத வீட்டு அமைதியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு. ஹோமருக்குப் போனோம், வால்டீஸுக்குப் போனோம், டோக்கில் வண்டிச் சக்கரம் வெடித்தது. எங்கே போனாலும் டிரெய்லரைத் தண்ணீர்க் கரையில்தான் நிறுத்துவார். முதல் காரியமாக ஜூனோவைக் கரைக்கு அழைத்துப் போய் நிற்க வைப்பார். அவள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் மறுநாள் கிளம்பிவிடுவோம். இது ஊர் சுற்றுவது இல்லை, மகனைத் தேடுவது என்று எனக்குப் புரிய ஆகஸ்டு ஆகிவிட்டது.

இங்கே சர்க்கிளில் ரோடு முடிகிறது. போன செப்டம்பரில் ஆண்டர்ஸ் கடமான் வேட்டைக்குப் படகை இறக்கிய அதே துறையில்தான் நிற்கிறோம். ஜூனோ மட்டும் காது வரை நனைந்து தனியாக வந்து நின்ற இடமும் இதுதான். உனக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். மன்னித்துக்கொள், சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை.

மாமா முப்பது வருஷம் இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். யாராவது மூழ்கினால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். "இது வண்டல் தண்ணி. சட்டைப் பையிலயும் பூட்ஸுலயும் மண்ணு ரொம்பிக் கீழ இழுத்துரும். இந்த ஆறு திருப்பிக் குடுக்காது. தேடாதீங்கம்மா, வீட்டுக்குப் போங்க." எத்தனை தாய்மாரிடம் இதைச் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்களும் போய்விடுவார்கள். ஆனால் அவரிடம் சொல்ல யாரும் இல்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடைக்கார ரோஸாலியின் படகை இரவல் வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய வேட்டைக் குடிசைக்குப் போனோம். அதற்குப் பூட்டு கிடையாது, உனக்குத் தெரியும். கடைசியாகத் தங்கியவர்கள் அடுப்பில் பட்டையும் சுள்ளியும் அடுக்கி, தீப்பெட்டியைப் பாதி திறந்து வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். விறைத்துப்போன விரலோடு யாராவது வந்தால் பெட்டியோடு போராட வேண்டாம் என்று. அப்படித்தான் இருந்தது. பெட்டியிலிருந்து மூன்று குச்சிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணு உடையறதுக்கு, ஒண்ணு காத்துக்கு, ஒண்ணு எரியறதுக்கு. நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது, மார்னா. அவன் வந்துட்டுப் போயிருக்கான்." முகம் இளைஞன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

ரோஸாலியிடம் சொன்னேன். அவள் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "இந்த ஆத்துல பாதிப் பேருக்கு அடுப்பு மூட்டக் கத்துக் குடுத்ததே உன் வீட்டுக்காரர்தான. எந்தம்பி கூட மூணு குச்சிதான் வைப்பான். அவன் ஆகஸ்டுல அங்க தங்குனான்" என்றாள். அவள் தம்பி வில்பரே வந்து மாமாவிடம் நேரில் சொல்லியும் பார்த்தான். அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீ நல்லவன்டா, என்னைச் சமாதானப்படுத்துற" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். தான் ஊருக்குக் கொடுத்த பாடம் தன்னையே வந்து ஏமாற்றும் என்று எந்த மனுஷன் நினைப்பான்?

ஜூனோவும் சாயங்காலமானால் கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்க்கிறாள். அவள் பார்ப்பது மீன் கழுவும் இடத்தை என்று நான் சொல்கிறேன். ஆனால் பெத்தனி, நேற்று அங்கே யாரும் மீன் கழுவவில்லை. காற்றும் இல்லை. வாலை ஆட்டவும் இல்லை, குரைக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

மலை உச்சியில் முதல் வெண்பனி விழுந்துவிட்டது. முடிவுத் தூள் என்று நாங்கள் சொல்வது உனக்கு முதல் வருஷம் சிரிப்பாக இருந்தது. கோடை முடிந்தது, மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். மாமா கட்டவில்லை. குளிர்காலம் முழுக்க அந்தக் குடிசையில் இருக்கப் போகிறாராம். ஆற்றில் பனித்தட்டு ஓட ஆரம்பித்தால் படகும் போகாது, நடக்கவும் முடியாது. அந்தப் பக்கம் இருப்பவன் ஆறு உறையும் வரை அந்தப் பக்கம்தான். நெஞ்சு மாத்திரை சாப்பிடுகிற எழுபத்தோரு வயது மனுஷன்.

அந்த ஆற்றை இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆற்றைப் பார்க்க வேண்டாம். ரோஸாலி கடைக்கு ஒரு போன் செய். குழந்தையோடு ஃபேர்பேங்க்ஸுக்கு வருகிறேன், விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று மாமாவிடம் சொல். பொய்யாகவாவது சொல். நீ முதல் முதலாக வந்தபோது விமானம் அத்தனை மணி நேரம் தாமதம், இந்த மனுஷன் காபிக் குடுவையும் உனக்கு ஒரு கம்பளிக் கோட்டும் வைத்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அங்கே யாரையும் அவர் காக்க வைத்ததில்லை. அதற்காக மட்டும்தான் இந்தக் கரையை விட்டுக் கிளம்புவார்.

குழந்தையின் உள்ளங்காலில் என் முத்தம்.

உன் அத்தை,
மார்னா


சர்க்கிள்
அக்டோபர் 7

அன்பு மகளே,

நீ போன் செய்ததற்கு உனக்குக் கோடிப் புண்ணியம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீ வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

இருபதாம் தேதி வருகிறாய் என்று கேட்டதும் மாமா சிரித்தார். கடையிலிருந்து வரும் வழியெல்லாம் "இங்கிரிட் என்னை அடையாளம் கண்டுபிடிப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தாடியை எடுத்தார். டிரெய்லரின் ஒழுகுகிற ஜன்னலைக் கூட அடைத்தார். நீ வருவது நிஜமா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நேற்றுக் கிளம்புவதாக இருந்தது. காலையில் டிரெய்லரை வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, "ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்துடறேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அவன் வந்தா நம்மளை இங்க காணாமத் தேடுவான்ல? வீட்டுக்குப் போயிருக்கோம், பெத்தனி வர்றாள்னு எழுதி வைக்கணும். காபித்தூளும் அவன் கோட்டும் வச்சுட்டு வரேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

ஆற்றில் அங்கங்கே வெள்ளை மிதந்தது. வில்பர் கூடக் கத்தினான், "வேணாங்க, தட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு." "எனக்கே ஆத்தைச் சொல்லித் தர்றியாடா?" என்று சிரித்துக்கொண்டே மோட்டாரைக் கிளப்பினார். ஜூனோ படகில் ஏறிக்கொண்டாள். நான் கரையில் நின்றேன். தடுத்திருக்கலாம். தடுத்தால் ஊருக்கே வர மாட்டேன் என்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மேல் வளைவு வரை கரையை ஒட்டியே போனார், அங்கிருந்துதான் குறுக்கே திரும்புவார்கள். அதற்கப்புறம் மரங்கள் மறைத்துவிட்டன. மத்தியானத்துக்குள் ஆறு முழுக்கத் தட்டுகள் உரசிக்கொண்டு ஓடின. அந்தச் சத்தம் உனக்குத் தெரியாது, நல்லது.

சாயங்காலம் டிரெய்லர் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். ஜூனோ நின்றாள். தனியாக.

பெத்தனி, அவள் நனையவே இல்லை. வயிற்று மயிரைத் தடவித் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. போன வருஷம் காது வரை நனைந்து வந்தவள். குறுக்கே திரும்பும் முன் மாமா அவளை இந்தக் கரையிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். "வீட்டுக்குப் போ" என்றால் போய்விடுவாள். தட்டுகளைப் பார்த்ததும் நாய்க்கு ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தான் மட்டும் போயிருக்கிறார்.

வில்பரும் இன்னும் இரண்டு பேரும் கரையோரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பக்கம் புகை தெரியவில்லை. "பனி மூட்டமா இருக்கு, தெரியாது" என்கிறாள் ரோஸாலி. மூட்டம் இருப்பது உண்மைதான். நாளை விமானம் ஒன்று மேலே பறந்து பார்க்கும் என்கிறார்கள், வானம் விட்டால். இரக்கமாக என்னிடம் பேசுகிறார்கள். எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர் பக்கத்தில் நின்று நான் கேட்ட குரல்தான்.

ரோஸாலி போனைக் கையில் கொடுத்து உன்னோடு பேசு என்றாள். உன் குரலைக் கேட்டால் என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வில்பர் நாளை தபால் விமானத்தில் சேர்த்துவிடுவான்.

குடிசையில் அடுப்பு அடுக்கித்தான் இருக்கிறது. வில்பர் வைத்த மூன்று குச்சிகளை மாமா அன்று தொடவே இல்லை, மகன் வைத்தது என்று அப்படியே விட்டுவிட்டு வந்தார். இப்போது தொட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. ஜூனோ கரையை விட்டு வர மாட்டேன் என்கிறாள், நானும் அவளோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. நீ சொன்னது பொய்யாக இருந்தால் அதை இப்போது நிஜமாக்கு. இருபதாம் தேதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. விமான நிலையத்தில் அவர் எப்போதும் நிற்கும் அந்தக் கதவருகில் வந்து நில். யார் வந்து கூப்பிட்டாலும் கொஞ்ச நேரம் நகராமல் நில், மகளே. அங்கே அவர் யாரையும் காக்க வைத்ததில்லை.

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

அத்தை