பார்க்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள ஞானம்மா,

ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வல்லம் வடகாலில், எங்கள் கம்பெனியில் ஒரு விபத்து. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பிரஸ் மிஷின் இறங்க இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும். அப்போதுதான் கை உள்ளே மாட்டாது. வேகத்துக்காக ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிடுவார்கள். அப்படி ஒட்டவில்லை என்று தினமும் பார்த்துக் கையெழுத்திடத்தான் ரிட்டையரான இந்த வாத்தியாரை வைத்திருக்கிறார்கள். திங்களன்று பார்க்காமலே கையெழுத்திட்டேன். அந்த மிஷினை ஓட்டும் பிரவீன்குமாருக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவனிடம் அதைச் சொல்லி அழுதேன்.

“டேப்பு ஒட்னதே நான்தான். நீ இன்னாத்துக்கு சார் அழுவுற? குந்து. சாப்டியா?”

கட்டுப்போட்ட கையாலேயே நாற்காலியைக் காட்டினான்.

தப்பான விடையை ஆசிரியரே அழித்துத் தருவது போலத்தான் பாவிமேல் தேவன் வைக்கும் இரக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த உதாரணத்தில் யாருக்கும் காயமில்லை, ஞானம்மா.

பழி முழுவதும் அவன்மேல் விழாதிருக்க, நாளை உண்மையை எழுதிக் கொடுக்கிறேன். வேலை போகும்.

என் ஜிப்பா இரண்டை அனுப்பு. ஒற்றைக் கையால் மாட்ட அவனுக்கு எளிது. பஸ் வந்துவிட்டது. எனக்காக ஜெபிக்கும்போது நல்லவன் என்று சொல்லாதே; பாவி என்றே சொல். அவருடைய மிகுந்த இரக்கம் அப்படிப்பட்டவர்களுக்குத்தானே.

ரத்தினம்