வெற்று என்பது சுழியம் அல்ல

மார்ச் 3

என் முதல் திருத்தத்தை அனுப்பிவிட்டேன். ஒரே சந்தோஷம்.

‘மழைக்கண்’ பழைய திட்டம். மழைமானி அனுப்பும் அளவைப் படித்து உப்பளக்காரர்களின் போனுக்கு எச்சரிக்கை தரும் இலவச மென்பொருள். யாரும் திருத்தம் அனுப்பலாம். திட்டத்தை நடத்தும் சாமுண்டீஸ்வரி அக்கா ஒப்புக்கொண்டால்தான் சேரும். எல்லாம் சி என்ற பழைய நிரல்மொழி, முக்கால்வாசி அவர் எழுதியது. அளவைப் படிக்கும் பகுதியை மட்டும் ரஸ்ட் என்ற புது நிரல்மொழியில் மாற்றி எழுதியிருக்கிறேன்.

மார்ச் 4

புதுச்சேரியிலிருந்து அக்கா போன். “ஓடுற வண்டிய பிரிச்சுப் போட்டுட்டு நீ வேலைக்கு பெங்களூர் போயிடுவ. அப்புறம் யாருடா பூட்றது? எனக்கு ரஸ்ட்ல ஒரு வரி வராது.”

நியாயம்.

கடைசியில், “உங்க அப்பா உப்பளத்துல ஒரு வாரம் ஓட்டிக் காட்டு. ஒரு மழைய விட்டாலும் சேத்துக்க மாட்டேன்.”

ஒரு வாரம்!

மார்ச் 6

ஓடுகிறது. ஓடுகிறது.

மார்ச் 9

நின்றுவிட்டது.

மானியின் கம்பியில் உப்பு படிந்து, ஓர் அளவு எண்ணே இல்லாமல் வெற்றாக வந்திருக்கிறது. வெற்றாக வந்தால் என்ன செய்வது என்று எழுதும்போதே ரஸ்ட் மொழி என்னைக் கேட்கத்தான் செய்தது. ‘வராது’ என்று எழுதியவன் நான். வந்தது, நிரல் படுத்தது, பிறகு மழை.

அப்பா வானத்தைப் பார்த்தே உப்புக் குவியலைத் தென்னங்கீற்றால் மூடிவிட்டார். பாத்தியில் வாராமல் கிடந்த உப்பு கரைந்தது. “ஏம்பா, உன் மெஷின் தூங்குதா?”

சே. என்னடா பண்ணிட்ட. முடிஞ்சுது எல்லாம்.

மார்ச் 10

அக்காவிடம் சொல்வதற்கு முன் ஒன்று பார்த்தேன். அதே வெற்றைப் பழைய நிரல் என்ன செய்திருக்கும்? சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது, மழை இல்லை.

என்னுடையது நின்றது. பழையது பொய் சொல்லியிருக்கும். எது மோசம்?

இரண்டையும் சொன்னேன், என் தவறை முதலில். அக்கா போனை வைக்காமலே பழைய நிரலைத் திறந்து பார்த்தார்.

“எத்தன பேருக்கு மழ இல்லன்னு சொல்லிச்சோ...” பிறகு, “வெத்தா வந்தா உன்னுது இனிமே என்ன சொல்லும்?”

“தெரியலன்னு சொல்லும்க்கா.”

“அத எழுதிட்டு வா.”

மார்ச் 12

‘அளவு வரவில்லை. மானியைப் பாருங்கள்.’

அப்பா எதிரிலேயே கம்பியைப் பிடுங்கினேன். அவர் போன் அலறியது. சிரித்தார்.

மார்ச் 15

சேர்த்துவிட்டார்!!

மார்ச் 28

ரஸ்ட் பகுதிக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வரி. அனுப்பியவர் பெயர்: சாமுண்டீஸ்வரி. சரிபார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர்.

கீழே ஒரு வரி: “அக்காதானேன்னு அப்படியே சேத்துடாத. ஒழுங்கா பாரு.”

பார்த்தேன். மூன்று இடத்தில் தப்பு.


சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். சாப்பிடப் போகவில்லை; அந்த மூன்றையும் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதி அழிக்கிறேன்.