ஊருக்கெல்லாம் நம்ம நம்பர்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியா இருக்கணும். அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பதறாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகல. காகிதத்துல எண்ணெய்க் கறை இருந்தா பொறுத்துக்கோ, வீட்டு முன்பக்கத்துக் கடையிலயே உட்கார்ந்துதான் எழுதறேன், பக்கத்துல ஒரு தையல் மெஷின் வயித்தைப் பொளந்து போட்டபடி கிடக்கு. உன் விலாசத்தை மருந்துக்கடையில வேலை பார்க்கற உன் சிநேகிதி போன வாரம்தான் கொடுத்தா, அதுவும் இங்கே நடந்த கூத்தை நான் முழுசாச் சொன்னப்புறம். போன் நம்பரையும் கொடும்மான்னு கேட்டேன், அதைக் கொடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவ மேல கோவிச்சுக்காதே, பாவம், ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு முழிக்கிறா. நீ கிளம்பறப்ப நீ என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும், நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும், அதை இப்ப கிளறப் போறதில்ல. உன்கிட்ட வாதாடி இந்த வீட்டுல எவன் ஜெயிச்சிருக்கான், சும்மாவா உனக்கு வக்கீலம்மான்னு பேர் வச்சோம்.

விஷயத்துக்கு வரேன். இங்கே தேர்தல் வருது. வீட்டுக்கு வீடு போன் அடிக்குது, எடுத்தா அந்தப் பக்கம் ஆளே கிடையாது, பதிவு பண்ணி வச்ச ஒரு பொண்ணு குரல். தேன் ஒழுகப் பேசுது. நானும் உங்களை மாதிரி ஒரு தாய்தான், பக்கத்துத் தெருவுல இருக்கேன், இன்னாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிடுவாங்கன்னு சொல்லிட்டு டக்குனு வச்சிடும். எந்தக் கட்சி, யார் பேசச் சொன்னது, ஒரு வார்த்தை இல்ல. தேர்தல்னா நாலு புளுகு இருக்கத்தான் செய்யும்னு விட்டுத் தொலைக்கலாம், ஆனா அந்தக் களவாணிப் பசங்க தங்க நம்பரை மறைச்சு வைக்க நம்ம கடை நம்பரைப் போட்டுவிட்டுட்டானுங்க. எல்லார் செல்போன்லயும் கூப்பிடறது நாமதான்னு காட்டுது. எப்படின்னு என்னைக் கேக்காதே, அதுக்கெல்லாம் இப்ப வசதி இருக்காம். திருப்பிக் கூப்பிடறவன்கிட்ட மாட்டறது யாரு, உங்கப்பன். பொழுது விடிஞ்சா மணி, பொழுது சாஞ்சா மணி. உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா, எவன்கிட்ட எவ்வளவு வாங்கினே, நீயெல்லாம் உருப்படுவியான்னு வாய்க்கு வந்தபடி திட்டு. நம்ம பழைய பச்சை லேண்ட்லைன் போன்தான் உனக்குத் தெரியுமே, யார் கூப்பிடறாங்கன்னு காட்டற சாமர்த்தியமெல்லாம் அதுக்குக் கிடையாது. ஊருக்கெல்லாம் நம்ம நம்பர் தெரியுது, நமக்கு ஒருத்தர் நம்பரும் தெரியல, இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல.

உன் அம்மா முதல்ல போனைக் கண்டாலே அழுதா. அப்புறம் என்ன தோணுச்சோ, அவங்களோட பேச ஆரம்பிச்சுட்டா. ஒரு பெரியவர் கத்து கத்துன்னு கத்தி மூச்சு வாங்கியிருக்கார், இவ நிதானமா, தண்ணி குடிச்சுட்டு வந்து திட்டுங்கய்யா, நான் எங்கேயும் போகலன்னு சொல்லியிருக்கா. அவரும் குடிச்சுட்டு வந்து, மருமகளைப் பத்திப் பேசிட்டு வச்சார். ஒரு பஸ் டிரைவர் நேர்ல வந்து உதைக்கிறேன்னு சொன்னார், சொன்னபடி வந்தும் நின்னார். நான் மெஷினுக்கு அடியில தலையை விட்டுட்டு இருந்தேன், கொஞ்சம் இருங்க, இந்த ஸ்குரூவை முடுக்கிட்டு வரேன், அப்புறம் உதைங்கன்னேன். மனுஷன் சிரிச்சுட்டார். இப்ப வயித்தைப் பொளந்துகிட்டு கிடக்குன்னு சொன்னேனே, அது அவர் சம்சாரத்தோட மெஷின்தான். நீ போனப்புறம் இந்த வீட்டுல இத்தனை பேச்சுச் சத்தம் கேட்டதே இல்லடி. நாங்க ரெண்டு பேரும் என்ன பேசுவோம், சாப்பிடலாமா, விளக்கை அணைக்கவா, அவ்வளவுதான். உன் ரூமைக் கூட்டிப் பெருக்கிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கா உங்கம்மா, கேட்டா காத்தோட்டமா இருக்குங்கறா, ஜன்னல் மூடியிருக்கும்.

தேர்தல் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பொண்ணு, இப்படிப் போன் பண்றவங்க எடுத்த எடுப்பிலயே யார் சார்பாப் பேசறோம்னு சொல்லணும், சொந்த நம்பரைத்தான் காட்டணும், விதி இருக்குங்கய்யா, யாருன்னு தெரிஞ்சா நடவடிக்கை எடுப்போம்னு சொன்னா. யாருன்னு தெரியலன்னுதானேம்மா உன்கிட்ட வந்திருக்கேன்னேன். எழுதிக் கொடுத்துட்டுப் போங்கன்னா, கொடுத்தேன், கிணத்துல போட்ட கல்லா கிடக்கு. போன் ஆபீஸ்காரன் அதைவிட மேல், நம்பரை மாத்திடுங்க சார், அஞ்சு நிமிஷ வேலைன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மேஜையையே கவுத்திருப்பேன். கடை போர்டுல அந்த நம்பரை எழுதினது யாரு, ஸ்டூல் மேல ஏறி நின்னு நீதான் எழுதினே, கடைசி எட்டு மட்டும் சாஞ்சுபோய் விழறாப்ல இருக்கும், போர்டுக்கு எத்தனை தரம் பெயிண்ட் அடிச்சாலும் அந்த எட்டை நான் தொட விட்டதில்ல. அதுவும் போகட்டும், அம்மா செல்போன் வாங்கினதே நீ போனப்புறம். உனக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான். இதை மாத்திட்டா நீ எங்கேன்னு கூப்பிடுவே. மாத்த மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப சொல்லப் போறதுக்குத்தான் இத்தனை நேரம் சுத்தி வளைச்சேன். போன வாரம் ஒரு மத்தியானம், அன்னைக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் திட்டித் தீர்த்திருந்தாங்க, கை நிறைய எண்ணெய், மறுபடி மணி அடிச்சது. எடுத்து, அந்தப் பக்கம் வாயைத் திறக்கறதுக்குள்ள பொரிஞ்சு தள்ளிட்டேன். நான் யாருக்கும் போன் பண்ணல, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடற வேலை வச்சுக்காதே, வை போனைன்னு கத்தினேன். யாரும் பதிலுக்குக் கத்தல. ரொம்ப தூரத்துல இருந்து வர்ற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் மூக்கை ஒரு தரம் உறிஞ்சற சத்தம். வாதாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீ உறிஞ்சுவியே, அதே மாதிரி. ஹலோ ஹலோங்கறேன், வச்சாச்சு. யாருங்கன்னு அம்மா உள்ளேயிருந்து கேட்டா. யாரோ ஓட்டுக்காரன்னு சொல்லிட்டேன். இன்னி வரைக்கும் அவகிட்ட சொல்லல, சொன்னா தாங்க மாட்டா. நீதானாம்மா அது? நீ இல்லைன்னா இந்தக் கிழவன் காது கெட்டுப் போச்சுன்னு சிரிச்சுட்டு விடு. நீதான்னா, சத்தியமா அது உனக்குச் சொன்னது இல்ல. உன்னை நான் கூப்பிடாதேன்னு சொல்வேனா, அந்த மணி அடிக்காதான்னுதானே இத்தனை நாளா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். அன்னைக்கே கடையைப் பூட்டிட்டு மருந்துக்கடைக்கு ஓடினேன், உன் சிநேகிதி கவுன்ட்டர் முன்னாடி நின்னு அழுதேன், மாத்திரை வாங்க வந்தவங்கெல்லாம் பார்த்தாங்க, பார்க்கட்டும்.

அன்னையிலிருந்து எவன் கூப்பிட்டாலும், எடுத்ததும் சொல்லும்மாங்கறேன். எது நீ, எது ஓட்டுக்குத் திட்டறவன்னு எனக்கு எப்படித் தெரியும். திட்ட வந்த ஆம்பளைங்க பாதிப் பேர் தடுமாறிப் போயிடறாங்க, ஒருத்தன் காலையிலயே குடிச்சிருக்கியான்னு கேட்டான், வேற யாரோ ஒரு பொண்ணு மட்டும் திட்டாம, சாரிப்பான்னு சொல்லிட்டு வச்சா. தேர்தல் முடிஞ்சா இதெல்லாம் அடங்கிடும்ங்கறாங்க, அதுக்கு முன்னாடி லைன் கிடைக்கலன்னா மறுபடி மறுபடி போட்டுக்கிட்டே இரு, சலிச்சுக்காதே.

கண்ணாடி பவரை ஒழுங்கா பார்த்து மாத்திக்கோ, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிக்காதே. வேலை வேலைன்னு காலைச் சாப்பாட்டை விடாதே. நினைச்சதெல்லாம் கைகூடி, மனசு குளிர, நூறு வயசு நல்லா இரு. போன் பண்றவன் யாரா இருந்தாலும் முதல்ல தான் யாருன்னு சொல்லணும்னு புகார்ல எழுதிக் கொடுத்திருக்கேன், அது ஊருக்கு. நீ பேர் சொல்ல வேண்டாம், ஒண்ணுமே பேச வேண்டாம், மூக்கை உறிஞ்சினாப் போதும், மத்ததை நான் பேசிக்கறேன். நம்பர் மாறல, கடைசியில அதே சாஞ்ச எட்டுதான்.

போன் பக்கத்துலயே இருக்கும்,
உன் அப்பா